கைக்குழந்தையோடு வெளியே சாப்பிட: டிபன் ஓட்டலா, ஏ.சி. ரெஸ்டாரண்டா, பஃபேயா, ஃபுட் கோர்ட்டா, பேசாமல் பார்சலா?

என் நாத்தனார் போன வாரம் போன் செய்தாள். மகளுக்கு 9 மாதம், வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள், அன்றைக்கு அடுப்பு பற்றவைப்பதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். "எங்கயாவது போய் உட்கார்ந்து சாப்பிடணும் அண்ணி. ஆனா இவளைத் தூக்கிட்டு எங்க போறது? அவர் பஃபேங்கிறார், எனக்கு பேசாம ஸ்விக்கில போட்டுடலாமான்னு இருக்கு." இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் ஆபீஸில் இரண்டு பேர், மாடி வீட்டுப் பெண், தடுப்பூசிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். என் மகனுக்கு இப்போது 14 மாதம். சென்னையில் எல்லா வகைக் கடையிலும் அவனோடு உட்கார்ந்து எழுந்தாயிற்று. ஒரு கடையில் உட்காராமலேயே எழுந்து வந்ததும் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

ருசியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போது எந்தக் கடை பிரியாணியும் ஒரே மாதிரிதான் இறங்கும், அவசர அவசரமாக.

நான் முதலில் பார்ப்பது, ஆர்டர் சொன்னதிலிருந்து தட்டு வர எத்தனை நிமிடம் என்பதை. புது இடம், ஃபேன், விளக்கு, பக்கத்து மேசை ஆட்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டு ஆள் சும்மா இருப்பது மிஞ்சி மிஞ்சிப் போனால் 40 நிமிடம். உங்கள் குழந்தைக்கு அது 30 ஆக இருக்கலாம், 50 ஆக இருக்கலாம். அதில் பாதி மெனு கார்டு புரட்டுவதிலும் காத்திருப்பதிலும் போய்விட்டால் மீதியில் இரண்டு பேர் சாப்பிட்டு, கை கழுவி, பில் கட்டி வெளியே வரவேண்டும்.

அடுத்தது, இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட முடியுமா. பல வீடுகளில் நடப்பது இதுதான்: அவர் முதலில் சாப்பிடுவார், நாம் குழந்தையை வைத்திருப்போம், முறை மாறும்போது நம் தோசை வரட்டி மாதிரி ஆகியிருக்கும். நான் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு வரட்டி தின்றுவிட்டு அப்புறம்தான் சண்டை போட்டேன். காசு கொடுத்து வெளியே போய், ஒருவர் மட்டும் ஆறிப்போனதைச் சாப்பிடுவதாக இருந்தால் அந்தக் கடை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் எனக்கு அது தோற்ற கடைதான்.

மூன்றாவதாக, குழந்தையை எதில் உட்காரவைப்பது. நான்காவதாக, பால் கொடுக்கவும் டயப்பர் மாற்றவும் இடம். பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் ஊட்டும் அறை 2015-லேயே வந்துவிட்டது, ஓட்டல்களில் பெரும்பாலும் இன்னும் வரவில்லை. ஐந்தாவதாக, பாதியில் எழுந்து வர முடியுமா. இந்த ஐந்தாவது மெனு கார்டில் தெரியாது, மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.

குழந்தையின் வயதும் கணக்கில் வரும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியும்வரை கூட்டமான இடம் வேண்டாம் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார், நாங்களும் போகவில்லை. அதற்குப் பிறகு 6 மாதம்வரை உண்மையில் இருப்பதிலேயே சுலபமான காலம், பால் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: தவழ ஆரம்பித்த குழந்தையைவிட நான்கு மாதக் குழந்தையோடு போவது பல மடங்கு நிம்மதி. எங்களுக்குப் படு மோசமாக இருந்தது 10-லிருந்து 13 மாதம். மடியிலும் இருக்கமாட்டான், நாற்காலியிலும் இருக்கமாட்டான், தரையில்தான் இருப்பேன் என்பான், ஓட்டல் தரை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் போன இடங்களை வைத்து என் கணக்கு இது:

| | தட்டு வர | உட்காரவைக்க | பால், டயப்பர் | பாதியில் கிளம்ப |
|---|---|---|---|---|
| டிபன் ஓட்டல் | 5–10 நிமிடம் | பெரும்பாலும் மடிதான் | கஷ்டம் | சுலபம், மீதியைக் கட்டித் தருவார்கள் |
| ஏ.சி. ஃபேமிலி ரெஸ்டாரண்ட் | 20–30 நிமிடம் | ஹை சேர் இருக்கும் | மூலை மேசை கிடைத்தால் பால் கொடுக்கலாம் | பில் வரக் கால் மணி நேரம் |
| பஃபே | உடனே, ஆனால் நாம் எழுந்து போகணும் | ஹை சேர் இருக்கும் | மேலே சொன்னதுதான் | மொத்தப் பணமும் போச்சு |
| மால் ஃபுட் கோர்ட் | 10–15 நிமிடம் | இருக்கும், தேடணும் | இருப்பதிலேயே வசதி | சுலபம் |
| பார்சல் | 40 நிமிடம், மழை என்றால் இன்னும் மேலே | வீடு | வீடு | கேள்வியே இல்லை |

## டிபன் ஓட்டல்

என் ஓட்டு இதற்குத்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து தண்ணீர் டம்ளர் வைப்பதற்குள் இட்லி வந்துவிடும். குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் எவர்சில்வர் தட்டுச் சத்தத்திலும் "நாலாம் நம்பர் ரெண்டு பொடி தோசை" என்ற குரலிலும் அது யார் காதிலும் விழாது. அப்புறம், சர்வர் அண்ணன்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் ஒருவர், "நீங்க சாப்பிடுங்கம்மா, பாப்பாவைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய் காபி போடும் இடத்தில் நுரை பொங்குவதைக் காட்டிக்கொண்டு நிற்பார். பத்து நிமிடம் நான் இரண்டு கையாலும் சாப்பிடலாம். இந்த வசதியை எந்த ஏ.சி. கடையும் எனக்குத் தந்ததில்லை.

சிக்கல்களும் உண்டு. ஹை சேர் இருக்காது, இருந்தாலும் ஒன்றே ஒன்று இருக்கும், அது மாடிக்குப் போயிருக்கும். மேசையைத் துடைக்கிற ஈரத் துணி இருக்கிறதே, அது துடைத்துவிட்டுப் போன அடுத்த நொடி குழந்தையின் உள்ளங்கை மேசை மேல், அடுத்த நொடி வாயில். நான் பையில் ஒரு பழைய பிளாஸ்டிக் மேட் வைத்திருக்கிறேன், உட்கார்ந்ததும் அவன் முன்னால் விரித்துவிடுவேன்.

மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது நம் ஊரில் ஒரு பிரச்சினை கூடுதலாக இருக்கிறது: கையால் சாப்பிடுகிறோம். வலது கை முழுக்க சாம்பார், குழந்தை சரிந்தால் பிடிப்பது எந்தக் கையால்? அதனால் ஒற்றைக் கையில் முடிகிற விஷயமாக ஆர்டர் செய்யப் பழகிக்கொண்டேன். பொங்கல், கிச்சடி, தயிர் சாதம், சாம்பார் இட்லி எல்லாம் ஸ்பூனில் போய்விடும். தோசையை ஒரு கையால் பிய்க்கலாம். பரோட்டா, சப்பாத்தி வேண்டாம். கூம்பு மாதிரி நிற்கிற நெய் ரோஸ்ட் கேட்காதீர்கள், அதைப் பார்த்த எந்தக் குழந்தையும் சும்மா இருந்ததில்லை. வாழை இலை போட்டு மீல்ஸ் என்றால் இன்னும் மோசம். ஒரு முறை இவன் இலை நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான், கூட்டு, பொரியல், அப்பளம், பருப்பு எல்லாமாக என் சேலையில் இறங்கியது.

நிஜமாகவே பயப்பட வேண்டியது காபிக்கு. டவரா டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அது சரியாகக் குழந்தையின் கை எட்டுகிற தூரம். காபியை நான் கடைசியில் சொல்வேன், வரும்போது குழந்தை கணவர் கையில், மேசையிலிருந்து இரண்டடி தள்ளி.

குழந்தைக்கு என்ன கொடுப்பது? 6 மாதம்வரை பால் மட்டும்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இட்லியின் நடுப்பகுதியைப் பிய்த்து, சாம்பாரோ சட்னியோ படாமல் கொடுக்கலாம். மாவிலேயே உப்பு இருக்கிறது என்பதால் ஒன்றிரண்டு விள்ளலோடு நிறுத்திக்கொள்வேன், வயிற்றுக்கானதை வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப் போய்விடுவேன். தயிர் சாதம் பத்திரமான சாப்பாடு என்று நினைத்துக் கொடுக்கப் போனால் உள்ளே கிளறிப் பாருங்கள்: முழுத் திராட்சை, முந்திரி, மாதுளை, பச்சை மிளகாய். முழுத் திராட்சையும் முந்திரியும் இந்த வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கல்லாவில் பில் கட்டும்போது அன்பாக நீட்டுகிற கல்கண்டு, சோம்புக்கும் இதே கதைதான். "ஒண்ணே ஒண்ணு குடும்மா, குழந்தை ஆசையா பார்க்குது" என்பார்கள். வாங்கிக் கணவர் வாயில் போட்டுவிடுவேன்.

பால் பவுடர் கொடுக்கிறவர்கள் கவனிக்க: "அண்ணே, கொஞ்சம் வெந்நீர்" என்றால் உடனே வரும், ஆனால் அது பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கியதாக இருக்கும். பவுடர் கலக்க 70 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்கில் எடுத்துப் போங்கள். ஓட்டல் வெந்நீர் கிண்ணத்தில் வைத்து டப்பாவைச் சூடு பண்ண உதவும்.

செலவில் மறைந்திருப்பது ஏ.சி. ஹால். 2017 நவம்பரிலிருந்து ஏ.சி. ஹாலுக்கும் சாதா ஹாலுக்கும் ஜி.எஸ்.டி. ஒரே 5 சதவீதம்தான் (நட்சத்திர ஓட்டல்களை விட்டுவிடுங்கள்), ஆனால் பல கடைகளில் மெனு விலையே வேறாக இருக்கும். மே மாதம் என்றால் நான் கேள்வி கேட்காமல் ஏ.சி. ஹால். மார்கழியில் அதே காசுக்கு இன்னொரு காபி குடிக்கலாம்.

## ஏ.சி. ஃபேமிலி ரெஸ்டாரண்ட்

பிரியாணி, நான், பனீர், சைனீஸ் எல்லாம் ஒரே கார்டில் இருக்கிற இடங்கள். சோபா போட்ட பூத் கிடைத்தால் சொர்க்கம். சுவர்ப் பக்கம் உட்கார்ந்து துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகப் பால் கொடுக்கலாம், தூங்கிவிட்டால் பக்கத்திலேயே படுக்கவைக்கலாம். அதனால்தான் 6 மாதத்துக்குள் என்றால் டிபன் ஓட்டலைவிட இதையே சொல்வேன்.

ஆனால் நேரம். சூப் 10 நிமிடம், ஸ்டார்ட்டர் இன்னொரு 10, மெயின் கோர்ஸ் எப்போது வரும் என்று அந்தக் கேப்டனுக்கே தெரியாது. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, "எல்லாம் சேர்த்தே கொண்டுவாங்க, ஸ்டார்ட்டர் முதல்ல வேணும்னு இல்ல" என்று சொல்லிவிடுங்கள். சாப்பாடு வந்த உடனேயே பில்லும் கேட்டுவிடுங்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

ஹை சேர் கொண்டுவந்து வைத்ததும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். ஒரு கடையில் பெல்ட் அறுந்திருந்தது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார்கள், என் துப்பட்டாவால் அவனைக் கட்டிவைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். பிடிக்காமல் தானாக உட்காரத் தெரியாத குழந்தையை ஹை சேரில் வைக்கவே வேண்டாம். ஏ.சி. காற்று நேராகத் தலையில் அடிக்கிற மேசையைக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள், குல்லா ஒன்று பையில் இருக்கட்டும்.

இங்கே மறைந்திருக்கிற செலவு பில்லின் அடியில் சில கடைகள் போடுகிற சர்வீஸ் சார்ஜ். அது கட்டாயமில்லை, பில்லில் தானாகச் சேர்க்கவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள். அந்தக் காசைக் குழந்தைக்கு ஈர டிஷ்யூ கொண்டுவந்து கொடுத்த பையன் கையில் கொடுத்துவிடலாம். இன்னொன்று, இங்கே பல பதார்த்தங்களில் தேன் ஊற்றுகிறார்கள், ஹனி சில்லி உருளைக்கிழங்கு மாதிரி. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுகூட வாயில் படக் கூடாது. தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டுகிற சித்தப்பாக்களிடம் முன்னாடியே சொல்லிவைக்கவும்.

## பஃபே

கணவர்களுக்கு ஏன் இது இவ்வளவு பிடிக்கிறது என்று தெரியவில்லை. கணக்கு ரொம்ப எளிது: இரண்டு பேருக்கும் தலைக்கு முழுக் காசு, ஒருவர் எழுந்து போய் எடுக்கும்போது இன்னொருவர் குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டும், ஆகவே பாதி நேரம் ஒருவர் தட்டு காலி. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் கொடுத்த காசுக்குச் சாப்பிட முடியும், 40 நிமிடக் குழந்தையை வைத்துக்கொண்டு அது நடக்காது. மீதியைக் கட்டித் தரவும் மாட்டார்கள். நாங்கள் போன ஒரே முறை, சூப்பும் இரண்டு கபாபும் சாப்பிட்ட நிலையில் இவன் ஆரம்பித்தான். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வழியில் வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வந்தோம். மேசை நடுவிலேயே கரி அடுப்பு வைக்கிற வகை என்றால் யோசிக்கவே வேண்டாம், கை நீட்டத் தெரிந்த குழந்தைக்கு அது இடமில்லை.

தாத்தா, பாட்டி, அத்தை என்று ஆறேழு பேராகப் போனால் மட்டும் பஃபே நல்ல யோசனை. குழந்தை கை மாறிக்கொண்டே இருக்கும், எல்லோரும் சாப்பிட்டுவிடலாம். இரண்டே பேர் என்றால் வேண்டாம்.

## மால் ஃபுட் கோர்ட்

சாப்பாடு சுமார்தான், விலை வெளியே இருப்பதைவிடக் கூடுதல். ஆனாலும் இதைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய மால்கள் பலவற்றில் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை, டயப்பர் மாற்ற மேடை, லிஃப்ட், ஸ்டிராலர் தள்ள வழுவழு தரை எல்லாம் இருக்கிறது. நம் தெரு நடைபாதையில் ஸ்டிராலர் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தரையின் அருமை தெரியும். காசு முதலிலேயே கட்டிவிடுவதால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் குழந்தையோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து தன் பங்கை அப்போதுதான் ஆர்டர் செய்தால் இரண்டு பேருக்கும் சூடாகவே கிடைக்கும். இந்தச் சூட்சுமம் வேறு எங்கேயும் இவ்வளவு லேசாக நடக்காது.

கெட்டது என்றால் சனி, ஞாயிறு மாலை. மேசை பிடிக்கவே ஒருவர் தட்டோடு அலைய வேண்டும், இரைச்சலில் குழந்தை மிரண்டுவிடும். பார்க்கிங் கட்டணம், போகிற வழியில் வாங்கிய சட்டை, இதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கிலேயே எழுதுங்கள். வாரநாள் பதினொன்றரை மணிக்குப் போனால் காலியாக இருக்கும்.

## பார்சல்

குழந்தைக்குச் சளி, அடைமழை, நாம் இரவெல்லாம் தூங்கவில்லை: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பார்சல்தான், விவாதமே இல்லை. செலவு குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆப்பில் விலை பல கடைகளில் நேரில் இருப்பதைவிட அதிகம், அதன் மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம். தோசை வரும்போது துவண்டு வரும். பிரியாணி, சாத வகைகள், இட்லி தாங்கும். பூரி, வடை, ரோஸ்ட் தாங்காது.

எனக்கு இதில் இருக்கும் குறை வேறு. டப்பாக்களைப் பிரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, பிறகு கழுவுவது, குப்பையைக் கட்டி வெளியே வைப்பது யார்? வெளியே போக வேண்டும் என்று தோன்றியதே அந்த நான்கு சுவரை விட்டு ஒரு மணி நேரம் வெளியேறத்தான் என்றால் பார்சல் அதற்கு மருந்தில்லை.

## சரி, நாத்தனாருக்கு என்ன சொன்னேன்

9 மாதம், இரண்டே பேர், ஞாயிற்றுக்கிழமை. பஃபே முதலிலேயே அடிபட்டுப் போச்சு. ஞாயிறு என்பதால் மாலும் போச்சு. ஏ.சி. ரெஸ்டாரண்ட் போகலாம், கல்யாண நாளுக்குக் கொஞ்சம் கௌரவமாகவும் இருக்கும், ஆனால் அவள் மகள் காத்திருக்கிற ரகம் இல்லை என்று எனக்குத் தெரியும். குழந்தை மதியம் தூங்கி எழுவது மூன்றரை மணிக்கு. நாலு மணிக்கு டிபன் ஓட்டலுக்குப் போ, மதியக் கூட்டம் போயிருக்கும், ராத்திரிக் கூட்டம் வந்திருக்காது, ஏ.சி. ஹாலில் சுவர் ஓரமாக மேசை கேள், டயப்பரை வீட்டிலேயே மாற்றிவிட்டுக் கிளம்பு, ஸ்வீட்டோடு ஆரம்பி என்றேன்.

ஞாயிறு ராத்திரி போன் வந்தது. "நல்லா இருந்துச்சு அண்ணி. ரவா தோசை கேட்டேன், கால் மணி நேரம் ஆகும்மான்னார். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, சரின்னு ஊத்தப்பம் வாங்கிச் சூடா சாப்பிட்டேன்."

"அவர்?"

"அவருக்கு ரவா தோசைதான் வேணும்னார். அது வர்றதுக்குள்ள இவ ஆரம்பிச்சுட்டா. அவரோடது பார்சல்."